சிரிப்பை விதைத்தவர்: கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன்

நாகர்கோவிலுக்கு நாடகக் குழுக்கள் வந்து கொட்டகை போடும் காலங்களில், அக்கொட்டகையைச் சுற்றி ஒரு சிறுவன் சோடா விற்றுக்கொண்டிருப்பான். அவன் கை சோடாப் புட்டியை நீட்டும். கண்களோ மேடையை விட்டு அகலா. யார் எப்படி நடக்கிறார், எந்த இடத்தில் மக்கள் சிரிக்கிறார்கள், எந்தப் பாட்டுக்குக் கைதட்டுகிறார்கள் என்பதையெல்லாம் அவன் மனத்தில் பதித்துக்கொள்வான். அச்சிறுவனே பிற்காலத்தில் தமிழ்த் திரையுலகம் ‘கலைவாணர்’ என்று கொண்டாடிய என்.எஸ். கிருஷ்ணன்.

இளமைப் பருவம்

கிருஷ்ணன் 1908ஆம் ஆண்டு நவம்பர் 29ஆம் நாள், நாகர்கோவிலை அடுத்த ஒழுகினசேரியில் பிறந்தார். தந்தையார் சுடலைமுத்துப் பிள்ளை, தாயார் இசக்கியம்மாள். ஊரின் பெயரும் தந்தையின் பெயரும் சேர்ந்தே அவர் பெயருக்கு முன்னால் ‘என்.எஸ்.’ என்று நின்றன. அக்காலத்தில் நாகர்கோவில் திருவிதாங்கூர் அரசின் ஆட்சியில் இருந்தது.

வீட்டில் வறுமை. எனவே, கிருஷ்ணன் தொடக்கக் கல்வியோடு பள்ளியை விட்டு நின்றார். கிடைத்த சிறு வேலைகளைச் செய்து குடும்பத்துக்கு உதவினார். ஏட்டுக் கல்வி தடைப்பட்டாலும் கலைக் கல்வி தடைப்படவில்லை. கொட்டகையில் சோடா விற்ற நாள்களே அவருக்குப் பாடமாக அமைந்தன.

நாகர்கோவில் வட்டாரத்தின் உயிரான கலை வில்லுப்பாட்டு. மணிகள் கட்டிய பெரிய வில்லை நடுவில் வைத்து, அதன் நாணை வீசுகோலால் தட்டிக்கொண்டே ஒருவர் கதை சொல்வார். குடமும் உடுக்கையும் துணைக்கு ஒலிக்கும். கதை சொல்பவருக்கு எதிரே ஒருவர் அமர்ந்து ஆமாம் போடுவார். இடையிடையே ஐயம் கேட்பார். சில நேரம் குறும்பாக மறுத்தும் பேசுவார். அக்கேள்விகளால்தான் கேட்பவருக்குக் கதை விளங்கும், சிரிப்பும் பிறக்கும். கிருஷ்ணன் இக்கலையில் தேர்ச்சி பெற்றார். ஒருவர் கேட்க, மற்றவர் சொல்ல, இருவருக்கும் இடையே உண்மை வெளிப்படும் இம்முறையை அவர் பின்னாளில் திரைக்கும் கொண்டு சென்றார்.

நாடக மேடை தந்த பயிற்சி

அந்நாளில் தமிழ்நாட்டில் ‘பாய்ஸ் கம்பெனி’ எனப்படும் சிறுவர் நாடகக் குழுக்கள் பல இருந்தன. சிறுவர்கள் அக்குழுவினரோடு ஊர் ஊராகச் செல்வர். பாட்டு, வசனம், நடனம் ஆகியவற்றை நாடக ஆசிரியரிடம் கற்றுக்கொள்வர். பெண் வேடங்களையும் அவர்களே ஏற்பர். ஒலிபெருக்கி இல்லாத மேடையில், கடைசி வரிசையில் அமர்ந்திருப்பவருக்கும் கேட்கும்படி பேச வேண்டும். பாட வேண்டிய இடத்தில் பாடியாக வேண்டும். நடிகர் ஒருவர் நோயுற்றால், அவருடைய வேடத்தை மற்றொருவர் உடனே ஏற்க வேண்டும்.

இத்தகைய குழுக்களுள் புகழ்பெற்றது டி.கே.எஸ். சகோதரர்களின் நாடகக் குழு. 1920களின் நடுவில் கிருஷ்ணன் அக்குழுவில் சேர்ந்தார். தம் பகுதியை மட்டும் படிப்பதோடு அவர் நின்றுவிடவில்லை. பிறருடைய பகுதிகளையும் கவனித்துக் கற்றார். எந்த வேடம் கிடைத்தாலும் அதில் ஒரு சிரிப்பைக் கண்டெடுத்தார். கதாநாயகனுக்குரிய தோற்றமோ பெரிய பாடகருக்குரிய குரல்வளமோ தமக்கு இல்லையே என்று அவர் வருந்தியதாகத் தெரியவில்லை. தமக்கு இயல்பாக வந்ததை வளர்த்துக்கொண்டார்.

பேசும்படங்களின் வருகை

1931ஆம் ஆண்டு ‘காளிதாஸ்’ வெளியானது. அதுமுதல் தமிழ் மக்கள் திரையில் பேச்சையும் பாட்டையும் கேட்கத் தொடங்கினர். தொடக்கத்தில் தென்னாட்டில் ஒலிப்பதிவு வசதியுள்ள படப்பிடிப்பு நிலையம் ஒன்றுகூட இல்லை. ஆகவே, நடிகர்கள் பம்பாய், கல்கத்தா, புனே போன்ற தொலைதூர நகரங்களுக்கு இரயிலேறிச் சென்று நடித்தனர். பின்னணிப் பாடும் முறையும் அன்று இல்லை. கேமராவின் முன் நின்று, நடித்துக்கொண்டே பாட வேண்டும். அதனால், பாடவும் பேசவும் தெரிந்த நாடக நடிகர்களையே படத் தயாரிப்பாளர்கள் தேடினர்.

டி.கே.எஸ். சகோதரர்கள் மேடையில் நடத்திவந்த ‘மேனகா’ நாடகம் 1935இல் ராஜா சாண்டோவின் இயக்கத்தில் திரைப்படமாயிற்று. கிருஷ்ணன் அதில் நடித்தார். மறுஆண்டு வெளிவந்த ‘சதி லீலாவதி’ படத்திலும் இடம்பெற்றார். அப்படத்தை இயக்கிய எல்லிஸ் ஆர். டங்கன் தமிழ் அறியாத அமெரிக்கர். பின்னாளில் பெரும்புகழ் பெற்ற எம்.ஜி. இராமச்சந்திரன் அறிமுகமானதும் அப்படத்தில்தான்.

மேடை நடிப்பு வேறு, திரை நடிப்பு வேறு என்பதைக் கிருஷ்ணன் விரைவில் உணர்ந்துகொண்டார். மேடையில் கையை வீசிச் சொல்ல வேண்டியதைத் திரையில் ஒரு புருவ அசைவால் சொல்லிவிடலாம். உரத்துப் பேசத் தேவையில்லை. ஒலிவாங்கி அருகிலேயே இருக்கிறது. அவர் பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசுவதைப்போல இயல்பாகப் பேசினார். நீண்ட பாடல்களும் செந்தமிழ் வசனங்களும் நிறைந்திருந்த அக்காலப் புராணப் படங்களில், அந்த எளிய பேச்சு மக்களுக்குப் புதிதாக இருந்தது.

இணைந்த இரு கலைஞர்கள்

1936இல் ‘வசந்தசேனா’ படத்தில் நடிப்பதற்காகக் கிருஷ்ணன் புனேவுக்குச் சென்றார். அப்படத்தில் அவருடன் நடிக்கவிருந்தவர் டி.ஏ. மதுரம். அங்கே ஏற்பட்ட நட்பு திருமணத்தில் முடிந்தது. அதன்பின், திரையில் ‘என்.எஸ்.கே. – மதுரம்’ என்றாலே மக்கள் முகத்தில் முறுவல் தோன்றியது.

அவர்களுடைய நகைச்சுவையின் அடிப்படை மிக எளியது. கணவன் பெருமை பேசுவான், மனைவி அறிவோடு ஒரு கேள்வி கேட்பாள், கணவன் திணறுவான். சில நேரம் அது தலைகீழாக மாறும். வில்லுப்பாட்டில் இருவர் பேசிக்கொள்ளும் அதே முறைதான் இது. ஒரு வேறுபாடு உண்டு. இங்கே கேள்வி கேட்டவர் ஒரு பெண். பெண்கள் திரையில் பெரும்பாலும் அழுதுகொண்டிருந்த காலத்தில், மதுரம் வாதிட்டார், கேலி செய்தார், வென்றார். கிருஷ்ணனும் தாம் தோற்பதுபோல் நடிக்கத் தயங்கவில்லை.

படத்துக்குள் ஒரு படம்

அக்கால நகைச்சுவைக் காட்சிகள் பலவற்றில் அடிதடியும் உருவக்கேலியும் மிகுந்திருந்தன. கிருஷ்ணன் வேறு வழியைத் தேர்ந்தெடுத்தார். தமக்கென ஒரு சிறு நடிகர் குழுவை அமைத்துக்கொண்டார். புளிமூட்டை ராமசாமி போன்றோர் அக்குழுவில் இருந்தனர். நகைச்சுவைப் பகுதிக்குரிய கதையை அவரே உருவாக்குவார், வசனங்களையும் அமைப்பார், ஒத்திகையும் நடத்துவார். இவ்வாறு உருவான பகுதி, முதன்மைக் கதையோடு ஒட்டியும் ஒட்டாமலும் தனியே நடக்கும். பெரிய படத்துக்குள் ஒரு சிறிய படம் ஓடுவதுபோல அது இருக்கும்.

இம்முறை தயாரிப்பாளர்களுக்கும் நன்மை தந்தது. நகைச்சுவைப் பகுதியைத் தனியாகப் படமாக்கி, உரிய இடங்களில் சேர்த்துவிடலாம். முடிந்துபோன படம் சோர்வாகத் தோன்றினால், கிருஷ்ணனின் பகுதியைச் சேர்த்து அதற்கு உயிரூட்டலாம். ‘அம்பிகாபதி’, ‘சகுந்தலை’, ‘ஹரிதாஸ்’ எனப் புகழ்பெற்ற படங்களில் அவர் நடித்தார். 1944ஆம் ஆண்டு தீபாவளிக்கு வெளியான ‘ஹரிதாஸ்’ சென்னையில் மூன்று தீபாவளிகளைக் கண்டது. அதன் கதாநாயகர் எம்.கே. தியாகராஜ பாகவதர். பாகவதரின் பாட்டுக்கும் கிருஷ்ணனின் சிரிப்புக்கும் மக்கள் அலைமோதினர்.

சிரிப்போடு கிருஷ்ணன் நின்றுவிடவில்லை. சாதி வேற்றுமை, மூடநம்பிக்கை, குடிப்பழக்கம், போலிப் பக்தி ஆகியவற்றை அவர் தம் காட்சிகளில் கேலிக்கு உள்ளாக்கினார். ஆனால், எவரையும் புண்படுத்தவில்லை. தவற்றைச் செய்பவரும் கொட்டகையில் அமர்ந்து தம்மைத் தாமே பார்த்துச் சிரிக்கும்படி செய்தார். சிரித்தவர் வீட்டுக்குச் செல்லும் வழியில் சிந்திக்கத் தொடங்குவார். இதுவே அவர் கையாண்ட உத்தி. கசப்பு மருந்தைத் தேனில் குழைத்துக் கொடுக்கும் மருத்துவரோடு அவரை ஒப்பிடலாம்.

சிறைக்கதவு மூடியது

புகழின் உச்சியில் இருந்தபோது கிருஷ்ணனின் வாழ்வில் பேரிடி விழுந்தது. அக்காலத்தில் இலட்சுமிகாந்தன் என்பவர் திரைக்கலைஞர்களின் சொந்த வாழ்க்கையைப் பற்றி அவதூறாக எழுதும் இதழ் ஒன்றை நடத்தி வந்தார். 1944ஆம் ஆண்டு நவம்பரில் அவர் சென்னையில் கத்தியால் குத்தப்பட்டு உயிரிழந்தார். அக்கொலைக்குச் சதி செய்ததாகப் பாகவதரும் கிருஷ்ணனும் கைது செய்யப்பட்டனர். 1945இல் இருவருக்கும் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. உயர்நீதிமன்றத்தில் செய்த மேல்முறையீடும் பயனளிக்கவில்லை.

நேற்றுவரை நாட்டையே சிரிக்க வைத்த கலைஞர் இன்று சிறைக்கைதி. உழைத்துச் சேர்த்த பொருள் வழக்குச் செலவில் கரைந்தது. அவரை நம்பியிருந்த நடிகர் குழு வேலையின்றித் தவித்தது. அந்நிலையில் மதுரம் அழுது ஓய்ந்துவிடவில்லை. எஸ்.வி. சகஸ்ரநாமத்தின் துணையோடு ‘என்.எஸ்.கே. நாடக சபா’வை நடத்தினார். மேடையேறி நடித்தார், குழுவினருக்கு வாழ்வளித்தார், வழக்கையும் தொடர்ந்தார். திரையில் கேள்வி கேட்டுக் கணவனை வென்ற அப்பெண், வாழ்க்கையில் கணவனுக்காகப் போராடினார்.

வழக்கு இலண்டனில் இருந்த பிரிவி கவுன்சில் வரை சென்றது. இந்தியா ஆங்கிலேயர் ஆட்சியில் இருந்ததால், அதுவே அன்றைய இறுதி முறையீட்டு மன்றம். வழக்கை மீண்டும் ஆராயும்படி அது கூறியது. மறுவிசாரணை செய்த சென்னை உயர்நீதிமன்றம், 1947ஆம் ஆண்டு ஏப்ரலில் இருவரையும் குற்றமற்றவர்கள் என விடுதலை செய்தது. இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாகச் சிறையில் கழிந்த காலத்தை மட்டும் யாராலும் திருப்பித் தர இயலவில்லை.

மீண்டும் மேடையில்

ஒரே துன்பம் இருவரை இருவேறு வகையில் தாக்கியது. பாகவதருக்குப் பழைய வெற்றி மீண்டும் கிட்டவில்லை. அடுத்து வந்த அவருடைய ‘ராஜமுக்தி’ தோல்வியுற்றது. அவர் மெல்ல மெல்லத் திரையுலகிலிருந்து விலகிப்போனார். கிருஷ்ணனோ விடுதலை பெற்ற அதே ஆண்டில் ‘பைத்தியக்காரன்’ படத்தில் தோன்றினார். அவர் சிறையில் இருந்தபோது அவருடைய குழுவினர் தொடங்கிய படம் அது. அவ்வாண்டிலேயே நாடகத் தந்தை பம்மல் சம்பந்த முதலியார் அவருக்குக் ‘கலைவாணர்’ என்னும் பட்டத்தை வழங்கினார்.

சிறை சென்று வந்தவர் பலர் மனம் கசந்துபோவதுண்டு. கலைவாணரின் சிரிப்பில் கசப்பு ஏறவில்லை. மாறாக, ஆழம் கூடியது. அவருடைய ‘கிந்தனார்’ கதாகாலட்சேபம் இதற்குத் தக்க சான்று. தாழ்த்தப்பட்ட குலத்தில் பிறந்த நந்தனார், தில்லையைக் காண ஏங்கிய கதையைக் காலட்சேபமாகச் சொல்வது அன்றைய வழக்கம். கலைவாணர் அதே முறையில் கிந்தன் என்னும் ஏழைச் சிறுவனின் கதையைச் சொன்னார். கிந்தன் ஏங்கியது கல்விக்காக. சாதியின் பெயரால் அடிபட்ட அவன், இரயிலேறிப் பட்டணத்துக்குச் செல்கிறான், படிக்கிறான், கல்வி அதிகாரியாகித் தன் ஊர்ப் பள்ளிக்கே திரும்பி வருகிறான். உடுமலை நாராயணகவி எழுதிய இக்கதையைக் கேட்டு மக்கள் விழுந்து விழுந்து சிரித்தனர். ஆனால், கிந்தன் திரும்பி வரும்போது அவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தனர். பள்ளியைப் பாதியில் விட்ட ஒருவர் கல்வியின் பெருமையைச் சொன்னதால், அச்சொல்லுக்கு வலிமை மிகுந்திருந்தது.

1949இல் வெளியான ‘நல்லதம்பி’ படத்தில் ‘கிந்தனார்’ இடம்பெற்றது. அறிஞர் அண்ணா கதை வசனம் எழுதிய அப்படத்தில் கலைவாணரே முதன்மை வேடம் ஏற்றார். திடீரென்று பெருஞ்செல்வத்துக்கு உரியவனான எளிய மனிதன் ஒருவன், அச்செல்வத்தை மக்களுக்காகச் செலவிட விரும்புவதே படத்தின் கதை. மது ஒழிப்பையும் அப்படம் வலியுறுத்தியது.

அறிவியல் வளர்ச்சியும் அவருக்குப் பிடித்த பொருள். பொத்தானைத் தட்டினால் இட்டிலியும் காப்பியும் தாமே வந்து நிற்க வேண்டும் என்று ஆசைப்படும் ஒரு பாடல் அவருடைய புகழ்பெற்ற பாடல்களுள் ஒன்று. அன்று அதைக் கேட்டவர்கள் நடக்காத கற்பனை என்று நகைத்தனர். இன்று நம்மைச் சுற்றியுள்ள இயந்திரங்களைப் பார்க்கும்போது, அக்கற்பனை அவ்வளவு பொய்யில்லை என்று தோன்றுகிறது.

கலைவாணர் இயக்குநராகவும் விளங்கினார். 1951இல் ‘மணமகள்’ படத்தையும், 1952இல் ‘பணம்’ படத்தையும் இயக்கினார். ‘மணமகள்’ படத்தில் பத்மினிக்கு முதன்மை வேடம் கொடுத்தார். ‘பணம்’ படத்தில் அப்போதுதான் திரையுலகில் நுழைந்திருந்த சிவாஜி கணேசன் நடித்தார். விசுவநாதன் – இராமமூர்த்தி இணையர் இசையமைத்தனர். வில்லிசைக் கலைஞர் சுப்பு ஆறுமுகத்தைச் சென்னைக்கு அழைத்து வந்து ஆதரித்தவரும் கலைவாணரே. தாம் ஏறிய ஏணியைப் பிறருக்கும் பிடித்துக்கொண்டு நின்றவர் அவர்.

கொடுத்துச் சிவந்த கை

கலைவாணரின் வீட்டு வாசல் உதவி நாடி வருவோருக்கு எப்போதும் திறந்திருந்தது. கலைஞர்கள், மாணவர்கள், ஏழைகள் எனப் பலரும் வந்தனர். சம்பாதித்ததைச் சேர்த்து வைப்பதைவிடக் கொடுப்பதிலேயே அவர் இன்பம் கண்டார். காந்தியடிகள் மறைந்தபின், நாகர்கோவிலில் தம் சொந்தப் பணத்தில் அவருக்கு நினைவுத்தூண் ஒன்றையும் எழுப்பினார்.

இந்த வள்ளன்மைக்கு ஒரு விலையும் இருந்தது. வழக்கினால் ஏற்பட்ட இழப்பும், கணக்குப் பாராத கொடையும் சேர்ந்து இறுதிக் காலத்தில் அவரைப் பண நெருக்கடியில் ஆழ்த்தின. உடல்நலமும் குன்றியது. ஆயினும், அவர் நடிப்பதை நிறுத்தவில்லை. 1956இல் வெளியான ‘ராஜா ராணி’ படத்தில், மனிதர்கள் சிரிக்கும் வகைகளையெல்லாம் ஒரே பாடலில் சிரித்துக் காட்டினார். ஆணவச் சிரிப்பு, அசட்டுச் சிரிப்பு எனச் சிரிப்புகளைப் பிரித்துக் காட்டிய அப்பாடல், வாழ்நாள் முழுவதும் அவர் செய்த ஆராய்ச்சியின் முடிவுரைபோல் அமைந்தது.

1957ஆம் ஆண்டு ஆகஸ்டு 30ஆம் நாள் கலைவாணர் காலமானார். அவருக்கு 49 வயதுகூட நிறைவடையவில்லை. 1969ஆம் ஆண்டு சனவரியில், அப்போது தமிழ்நாட்டின் முதலமைச்சராக இருந்த அறிஞர் அண்ணா, கடும் நோயையும் பொருட்படுத்தாமல் சென்னை தியாகராய நகரில் கலைவாணரின் சிலையைத் திறந்து வைத்தார். அடுத்த சில வாரங்களில் அண்ணாவும் மறைந்தார். சென்னையிலுள்ள கலைவாணர் அரங்கம் இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

பிறரைத் தாழ்த்திச் சிரிப்பு மூட்டுவது எளிது. அதற்கு அறிவோ உழைப்போ அதிகம் தேவையில்லை. பிறரை உயர்த்தும் சிரிப்பு அரியது. கலைவாணர் பட்ட துன்பங்களை எண்ணினால், அவர் சினத்தோடு பேசியிருந்தாலும் யாரும் குறை கூறியிருக்கமாட்டார்கள். அவரோ இறுதிவரை சிரிக்கவே வைத்தார். சிரித்தவர்களைச் சிந்திக்கவும் வைத்தார். அடுத்த முறை நண்பர்களோடு கூடிச் சிரிக்கும்போது, அச்சிரிப்பு யாரை மகிழ்விக்கிறது, யாரை வருத்துகிறது என்று நாம் ஒரு கணம் எண்ணிப் பார்த்தால், சோடா விற்ற அச்சிறுவன் விதைத்தது நம்மிடமும் முளைத்துவிட்டது என்று கொள்ளலாம்.